கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுவது எப்படி: தொடக்கத்திலிருந்து கசடு வரை முழுமையான வழிகாட்டி

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "பிளான்ட் நன்றாக ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" அநேகமாக எல்லோரும் நேரே கடைசித் தொட்டிக்குப் போய், வெளியேறும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் எல்லாம் சரி என்பார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியேறும் நீர் நேற்று நடந்ததைச் சொல்கிறது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதைக் கசடுதான், அதாவது கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் திரண்ட சேறுதான், சொல்லும்.

இந்த வழிகாட்டி, குடியிருப்பு, விடுதி, அலுவலக வளாகம் போன்ற இடங்களில் இருக்கும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் வகை நிலையங்களுக்கானது. காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைக் கழிவைத் தின்ன வைக்கும் முறை அது. தொழிற்சாலைக் கழிவுநீர் வேறு கதை, அதை இங்கே தொடவில்லை. கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் கழிவுநீர் வரும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நிலையத்தின் அளவுக்கேற்பப் பெருக்கியோ வகுத்தோ கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் அளவு உருளை, கரைந்த ஆக்ஸிஜனைக் காட்டும் டிஓ மீட்டர், பிஎச் மீட்டர், அமோனியாவும் காரத்தன்மையும் பார்க்கும் சோதனைக் கிட், நான்கு வாயுக்களைக் காட்டும் கேஸ் மீட்டர், ஒரு தடித்த நோட்டு. இவை இல்லாமல் பம்ப்பைப் போடாதீர்கள். தொடக்க நாட்களின் அளவீடுகள் பிறகு எங்கேயும் கிடைக்காது, ஆறு மாதம் கழித்து ஒரு கோளாறு வரும்போது ஒப்பிட அவைதான் வேண்டும்.

அடுத்தது வரைபடம். காகிதத்தில் இருப்பதை நம்பாமல், ஒவ்வொரு குழாயையும் அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை நடந்து பாருங்கள். எந்த வால்வு எதைத் திறக்கிறது என்று சீட்டு எழுதித் தொங்கவிடுங்கள். நான் பார்த்த ஒரு நிலையத்தில் கசடைத் தொட்டிக்குத் திருப்பும் வால்வும், வெளியேற்றும் வால்வும் அடுத்தடுத்து ஒரே மாதிரி இருந்தன. புதிதாக வந்தவர் இரண்டு நாள் தவறானதைத் திறந்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் தொட்டியில் நுண்ணுயிரே மிச்சமில்லை.

2. உயிர்ப் பாதுகாப்பு

இதைக் கடைசியில் சொல்கிறவர்கள்தான் அதிகம், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கழிவுநீர் தேங்கும் மூடிய இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் அதன் அளவு காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று தோன்றும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது.

மூடிய தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பதையே விதியாக வையுங்கள். இறங்கியே தீர வேண்டுமென்றால் அதற்கென்று பயிற்சி பெற்ற குழு, காற்றோட்டம், மேலிருந்து தூக்கும் கயிறும் உபகரணமும், மீட்டரில் ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது எல்லாம் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே இறக்கிறார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. காற்று பலமாக ஊதப்படும் தொட்டியில் குமிழிகள் நிறைந்திருப்பதால் நீரின் அடர்த்தி குறைவு. நீச்சல் தெரிந்தவரும் அதில் மிதக்கத் திணறுவார். கைப்பிடிக் கம்பியும் மிதவை வளையமும் அதற்காகத்தான்.

3. வருவதை அளத்தல்

எவ்வளவு தண்ணீர் வருகிறது, அதில் எவ்வளவு சாப்பாடு இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் மேலே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. சாப்பாடு என்றால் நுண்ணுயிர்களுக்கான சாப்பாடு. அதைத்தான் பிஓடி என்ற அளவில் சொல்கிறோம்: கழிவை உண்டு முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படும் என்பது. வீட்டுக் கழிவுநீரில் இது பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம்.

நம் உதாரணத்தில் 250 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோலிட்டரில் 250 மில்லிகிராம் வீதம் என்றால் நாளொன்றுக்கு 25 கிலோ பிஓடி. இந்த 25 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள், மீதி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் வரும்.

மாதிரி எடுப்பதில் வழக்கமான தவறு, காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் பிடித்து அனுப்புவது. காலை நேரத்துக் கழிவும் நள்ளிரவுக் கழிவும் ஒன்றல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குளிரில் வைத்து, கலந்து அனுப்ப வேண்டும். வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாட்டிலுக்குள் நுண்ணுயிர்கள் பாதிச் சாப்பாட்டை முடித்துவிடும். அறிக்கையில் எண் குறைவாக வரும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள்.

பிஓடி சோதனை 20 டிகிரியில் 5 நாள் நடக்கும். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் எங்கேயோ போயிருக்கும். அன்றாடம் பார்க்க, நுண்ணுயிர்களுக்குப் பதில் ரசாயனத்தால் கழிவை எரித்து ஆக்ஸிஜன் தேவையைக் கணக்கிட்டு, சில மணி நேரத்தில் முடிவு தரும் சிஓடி சோதனை உதவும். வீட்டுக் கழிவுநீரில் சிஓடி பெரும்பாலும் பிஓடியைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

4. குப்பை, மணல், எண்ணெய் நீக்கம்

கம்பிச் சல்லடை, மணல் தொட்டி, எண்ணெய்ப் பொறி என்ற வரிசையில்தான் நீர் வர வேண்டும். துணி, பிளாஸ்டிக், ஈரத்துடைப்பான் எல்லாம் சல்லடையைத் தாண்டினால் பம்ப்பைச் சுற்றிக்கொள்ளும். மணல் தாண்டினால் காற்றூட்டத் தொட்டியின் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்னும். எண்ணெய் தாண்டினால் நுண்ணுயிர்த் திரள்களில் ஒட்டி அவற்றை மிதக்க விடும்.

சல்லடையை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் வாரிச் சுத்தம் செய்யுங்கள். ஈரத்துடைப்பான் உறையில் "கரையும்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

5. சமன் தொட்டி

காலையிலும் மாலையிலும் தண்ணீர் பாய்ந்து வரும், நள்ளிரவில் சொட்டும். நுண்ணுயிர்களுக்கு இந்த விருந்தும் பட்டினியும் ஆகாது. கசடு அடியில் படிந்து தெளிந்த நீர் மேலே வழியும் படிதொட்டிக்கும் ஆகாது. அதனால் வருவதை ஒரு தொட்டியில் தேக்கி, 24 மணி நேரமும் ஒரே வேகத்தில் மேலே அனுப்புகிறோம். நமக்கு அது மணிக்கு சுமார் 4.2 கிலோலிட்டர்.

புதியவர்கள் இங்கே செய்வது, பெரிய பம்ப்பை மிதவை சுவிட்சில் போட்டுவிடுவது. பம்ப் பத்து நிமிடம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் படிதொட்டியில் நீர் மேலெழும் வேகம் பல மடங்காகிக் கசடைத் தூக்கிக்கொண்டு போகும். பம்ப்பிலிருந்து நீரைச் சமன் தொட்டிக்கே திருப்பும் குழாயைப் பாதி திறந்து, தேவையான வேகம் மட்டும் மேலே போகும்படி வையுங்கள். வேகத்தை எப்படி உறுதி செய்வது? வாளியும் கடிகாரமும் போதும்.

இந்தத் தொட்டியையும் லேசாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் அழுகி, மேலே சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடு இங்கேயே உருவாகும்.

6. நுண்ணுயிர்களை வளர்த்தல்

அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தப் படியில்தான்.

முதலில் இலக்கு. காற்றூட்டத் தொட்டியில் மிதந்து கலந்திருக்கும் திடப்பொருளின் அளவை எம்எல்எஸ்எஸ் என்கிறோம். அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்கள். நம் தொட்டி 60 கிலோலிட்டர் என்றும், லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் வேண்டும் என்றும் வைத்தால், மொத்தம் 210 கிலோ கசடு தொட்டியில் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 25 கிலோ சாப்பாடு, சாப்பிட 210 கிலோ ஆட்கள். ஒரு கிலோ ஆளுக்குச் சாப்பாடு 0.12 கிலோ. நீண்ட நேரம் காற்றூட்டும் நிலையங்களில் இந்த விகிதம் 0.05 முதல் 0.15 வரை இருந்தால் வண்டி நிதானமாக ஓடும்.

ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது? நன்றாக ஓடும் இன்னொரு நிலையத்திலிருந்து விதைக் கசடு வாங்குங்கள். லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் திடப்பொருள் உள்ள கசடு ஏழரைக் கிலோலிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரி அளவு, கொண்டுவந்தால் 60 கிலோ ஆகிவிடும். தொட்டியில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று ஆரம்பிக்கலாம். எடுக்கும் நிலையத்தில் அன்று கசடு நன்றாகப் படிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அவர்களுடைய நோயும் சேர்ந்து வரும். பொடியாக விற்கும் பாக்டீரியா பாக்கெட்டுகள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. புதுக் கசடின் பக்கத்தில் அவை நிற்காது.

முதல் வாரம் கால் பங்கு கழிவுநீரை மட்டும் விடுங்கள். இருக்கும் 60 கிலோவுக்கு 25 கிலோ சாப்பாட்டையும் கொட்டினால் தின்னாமல் மீதி அப்படியே வெளியேறும், நுண்ணுயிர்களும் சிதறி மெலிந்து படியாமல் அதனுடன் போகும். எம்எல்எஸ்எஸ் ஏற ஏற நீரையும் கூட்டுங்கள். மீதிக் கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இதை யாருமே திட்டத்தில் எழுதுவதில்லை.

சில நாட்களில் தொட்டி முழுக்க வெள்ளை நுரை பொங்கும். பயப்பட வேண்டாம். சோப்பை உண்ணப் போதிய நுண்ணுயிர் இன்னும் வளரவில்லை என்பதுதான் அதன் பொருள். நீர் தெளித்து அமுக்குங்கள். நுரையைப் பார்த்துப் பயந்து நீரை முழுக்க நிறுத்தினால் பட்டினியில் மறுபடி ஆரம்பத்துக்கே போவீர்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் பிஓடி இறங்கிவிடும், ஆனால் அமோனியா இறங்காது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மிக மெதுவாக வளரும். குளிர் காலத்தில் இன்னும் மெதுவாக. அதற்கு மேலும் சில வாரம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் எதையாவது கொட்டுவதும் மாற்றுவதும்தான் நான் அதிகம் பார்த்த தவறு.

7. காற்றூட்டல்

தொட்டியில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். 1க்குக் கீழே போனால் அமோனியா மாற்றம் தடுமாறும், நூல் போன்ற பாக்டீரியா பெருகிக் கசடு படியாது. 4, 5 என்று ஏற்றினால் மின்சாரம்தான் வீண். மீட்டரை ஓரத்தில் மேலோட்டமாக நனைக்காமல், நடு ஆழத்தில் இரண்டு மூன்று இடத்தில் இறக்கிப் பாருங்கள்.

எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று கணக்குப் போடலாம். 25 கிலோ பிஓடிக்கு, கிலோவுக்கு 1.2 வீதம், 30 கிலோ. வரும் நீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 35 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 3.5 கிலோ. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும், ஆக 16 கிலோ. மொத்தம் 46 கிலோ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமோனியாவுக்கே போவதைக் கவனியுங்கள்.

பிஎச் சரியாமல் தாங்கும் காரத்தன்மையையும் அமோனியா மாற்றம் தின்னும், ஒரு மில்லிகிராமுக்கு 7.14 மில்லிகிராம் வீதம். 35க்கு 250 ஆகிறது. வரும் நீரில் அவ்வளவு இல்லையென்றால் பிஎச் 6.5க்குக் கீழே சரிந்து, அந்த பாக்டீரியாவே நின்றுவிடும். பிஎச் குறைந்தால் சுண்ணாம்பு கொட்டுவதற்கு முன், முன்னால் காற்றில்லாத ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரேட் நிறைந்த நீரை அங்கே திருப்பிவிட்டால் பாக்டீரியா நைட்ரேட்டிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். போன காரத்தன்மையில் கிட்டத்தட்டப் பாதி திரும்பும், ஒவ்வொரு கிலோ நைட்ரேட் நைட்ரஜனுக்கும் 2.86 கிலோ ஆக்ஸிஜனும் மிச்சமாகும்.

மின்கட்டணத்தைப் பார்த்து ராத்திரி ப்ளோயரை, அதாவது காற்றை ஊதும் இயந்திரத்தை, நிறுத்துகிறவர்கள் உண்டு. சில மணி நேரம் நின்றால் நுண்ணுயிர் செத்துவிடாது. ஆனால் காற்று நிற்கும்போது நீர் மட்டும் போய்க்கொண்டிருந்தால், கழிவு தின்னப்படாமல் அப்படியே தாண்டும். நிறுத்துவதென்றால் இரண்டையும் சேர்த்து, அளந்து நிறுத்துங்கள். அதைவிட ப்ளோயரின் வேகத்தைக் குறைக்கும் கருவி போடுவது நல்லது.

தொட்டியின் மேற்பரப்பைத் தினமும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பெரிய கொப்பளிப்பு தெரிந்தால் அடியில் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் டிஃப்யூசரின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. ப்ளோயரின் அழுத்தம் மாதாமாதம் ஏறினால் சவ்வுகள் அடைத்துக்கொள்கின்றன.

8. படிதொட்டியும் 30 நிமிடச் சோதனையும்

காற்றூட்டத் தொட்டியிலிருந்து வரும் கலவை இங்கே அமைதியாக நிற்கும். கசடு அடியில் படியும், தெளிந்த நீர் மேலே வழியும். படிந்த கசடைப் பம்ப் மூலம் மறுபடி காற்றூட்டத் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். அது நம் ஆட்படை அல்லவா? எவ்வளவு திருப்புவது? தொட்டியில் 3,500, திருப்பும் கசடில் 8,000 என்றால், 3,500ஐ இரண்டின் வித்தியாசமான 4,500ஆல் வகுத்தால் 0.78. வரும் நீரின் அளவில் சுமார் 78 சதவீதம்.

படிகிறதா என்பதைத் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காற்றூட்டத் தொட்டி நீரை ஒரு லிட்டர் உருளையில் பிடித்து, ஆடாமல் 30 நிமிடம் வைத்து, கசடின் உயரத்தைக் குறியுங்கள். 350 மில்லிலிட்டர் என்று வந்தால் அதை 1,000ஆல் பெருக்கி எம்எல்எஸ்எஸ் 3,500ஆல் வகுங்கள்: 100. இது 80 முதல் 150 வரை இருந்தால் நல்ல கசடு. 200ஐத் தாண்டினால் உப்பிப்போன கசடு, நூல் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம்.

எண்ணைவிட அது படியும் விதம் அதிகம் சொல்லும். முதல் ஐந்து நிமிடத்திலேயே கல் மாதிரி விழுந்து, மேலே நுண்துகள் மிதந்தால் கசடு கிழடாகிவிட்டது. மெதுவாக, பஞ்சு மாதிரி இறங்கி, மேலே துகள் துகளாகச் சிதறியிருந்தால் இன்னும் இளசு. 30 நிமிடம் முடிந்ததும் உருளையைக் கவிழ்த்துவிடாதீர்கள், இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். படிந்தது கட்டியாக மேலே எழுந்தால், படிதொட்டியிலும் அதேதான் நடக்கும்: நைட்ரேட்டிலிருந்து வரும் நைட்ரஜன் குமிழிகள் கசடைத் தூக்குகின்றன. படிதொட்டியில் கசடு தங்கும் நேரத்தைக் குறைத்தால் சரியாகும்.

படிதொட்டியில் கசடு உயர்ந்தால் திருப்பும் பம்ப்பின் வேகத்தைக் கூட்டுவது எல்லோருக்கும் கை வந்த கலை. ஒருநாள் உதவும். ஆனால் திருப்புவதால் கசடின் மொத்த அளவு ஒரு கிராம்கூடக் குறையாது, இங்கிருந்து அங்கே மாறுகிறது, அவ்வளவுதான். கூடுதலாகச் சுற்றும் நீர் படிதொட்டியையே கலக்கும். அப்புறம்?

9. கசடை வெளியேற்றுதல்

அப்புறம் கசடை வெளியே எடுக்க வேண்டும். நிலையத்தை ஓட்டுவதில் உங்கள் கையில் உண்மையாகவே இருக்கும் பிடி இது ஒன்றுதான்.

25 கிலோ சாப்பாட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஒவ்வொரு நாளும் பெருகும். வரும் நீரில் கரையாத துகள்களும் சேரும். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ பிஓடிக்குச் சுமார் அரைக் கிலோவுக்கு மேல் புதுக் கசடு. அதை எடுக்காவிட்டால் தொட்டியில் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு எடுப்பது என்பதைக் கசடின் வயது தீர்மானிக்கும். 15 நாள் வயது வேண்டும் என்று வைத்தால், இருக்கும் 210 கிலோவை 15ஆல் வகுத்து, நாளொன்றுக்கு 14 கிலோ. லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் கசடில் அது 1.75 கிலோலிட்டர். தினமும் அவ்வளவு. வெயில் நாடுகளில் 10 நாள் வயதிலேயே அமோனியா மாற்றம் நடக்கும், குளிரில் 20 நாளுக்கு மேலும் தேவைப்படலாம்.

ஒரு விடுதி வளாகத்தில் பார்த்தது இது. வெளியேறும் நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கசடை அள்ளும் வண்டிக்குப் பணம் கேட்டபோது, "தண்ணீர்தான் நன்றாக இருக்கிறதே, எதற்கு?" என்று இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த இரண்டு மாதமும் நீர் தெளிவாகவே இருந்தது. எம்எல்எஸ்எஸ் 7,000ஐத் தாண்டியது, உருளையில் கசடு 800 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் ஒரு மழை. வடிகால் நீர் உள்ளே புகுந்து, ஒரே இரவில் படிதொட்டி வழிந்து, இரண்டு மாதத்துக் கசடும் வடிகட்டிகளை அடைத்துக்கொண்டு வெளியே போனது. மிச்சப்படுத்திய வண்டிப் பணத்தைவிட வடிகட்டி மணலை மாற்றிய செலவு அதிகம்.

எதிர்த் தவறும் உண்டு. வாரம் முழுக்க எடுக்காமல், சனிக்கிழமை மொத்தமாக 12 கிலோலிட்டர் எடுப்பது. ஒரே நாளில் படையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும், மெதுவாக வளரும் அமோனியா பாக்டீரியாவும் அதில் போகும். திங்கட்கிழமை அமோனியா ஏறும். காரணம் தெரியாமல் ப்ளோயரைத் திட்டுவார்கள்.

10. வடிகட்டல், கிருமிநீக்கம்

மணல் வடிகட்டி, தேவையென்றால் கரி வடிகட்டி, அப்புறம் குளோரின் அல்லது புற ஊதா விளக்கு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரினும் ஒளியும் எட்டாது.

முன்னால் உள்ள படிகளில் விட்ட தவறுகளின் விலை இங்கே தெரியும். நீரில் அமோனியா மிச்சமிருந்தால் குளோரின் முதலில் அதனுடன்தான் சேரும். அதைத் தாண்டித் தனிக் குளோரின் கிடைக்க, ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏட்டுக் கணக்கில் 7.6, நடைமுறையில் 10 வரை மில்லிகிராம் குளோரின் வேண்டும். அமோனியா 20 மிச்சமென்றால் 200 மில்லிகிராம் குளோரின்! அமோனியா போன நீருக்கு 5 முதல் 10 போதும், 30 நிமிடம் தொட்டிருக்க வேண்டும்.

காற்றூட்டத் தொட்டியில் நாற்றம் வந்ததென்று அங்கேயே பிளீச்சிங் பவுடர் கொட்டிய ஒருவரையும் பார்த்திருக்கிறேன். நாற்றம் போயிற்று. படையும் போயிற்று.

11. வெளியே எடுத்த கசடு

1.75 கிலோலிட்டர் என்பது 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அப்படியே லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். கெட்டியாக்கி, துகள்களைத் திரட்டும் பாலிமர் மருந்து சேர்த்து, அழுத்தியோ பிழிந்தோ 20 சதவீதத் திடப்பொருளுக்குக் கொண்டுவந்தால் அதே 14 கிலோ, 70 கிலோ ஈரக் கட்டியாகச் சுருங்கிவிடும். இடமும் வெயிலும் இருந்தால் மணல் படுக்கையில் உலர்த்தலாம்.

பிழிந்த நீர் சமன் தொட்டிக்குத் திரும்பும்படி வையுங்கள். கசடை நாட்கணக்கில் தேக்கிப் பிழிந்தால் அந்த நீரில் அமோனியாவும் பாஸ்பரசும் கரைந்து மறுபடி உள்ளே வரும். கூடிய சீக்கிரம் பிழிவது நல்லது.

நிலத்தில் உரமாகப் போடலாமா? கிருமி, ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் எல்லாம் பார்த்து, உங்கள் நாட்டு விதி அனுமதித்தால் மட்டும். பெரிய நிலையங்களில் காற்றில்லாத கலத்தில் செரிக்க வைத்து, 60 முதல் 65 சதவீதம் மீத்தேன் உள்ள வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். நம் 14 கிலோவுக்கு அந்தக் கலம் கட்டுப்படியாகாது.

12. செலவுக் கணக்கு

மின்சாரம்: ஒரு யூனிட்டுக்கு 1.5 கிலோ ஆக்ஸிஜன் கரையும் என்று வைத்தால், 46 கிலோவுக்குச் சுமார் 30 யூனிட். கிலோலிட்டருக்கு 0.3 யூனிட் காற்றுக்கே. பம்ப்புகள் சேர்ந்து பெரிய நிலையங்கள் 0.3 முதல் 0.6 யூனிட்டில் முடிக்கின்றன, சிறியவை ஒன்றைத் தாண்டுவதும் சகஜம். வளாகம் முழுக்க நிரம்பும் என்று போட்ட பெரிய ப்ளோயர், பாதி ஆள் இருக்கும்போதும் முழு வேகத்தில் ஓடுவதே பெரும்பாலும் காரணம். மொத்த மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ காற்றுக்குத்தான் போகிறது, ஆகவே சிக்கனத்தை அங்கே தொடங்குங்கள்.

அடுத்த பெரிய செலவு கசடு: பாலிமர், பிழிதல், வண்டி, கொட்டும் கட்டணம். பிறகு ஆட்கள், சோதனைக் கட்டணம், குளோரின்.

மறந்துபோவது தேய்மானம். டிஃப்யூசர் சவ்வுகள் சில வருடங்களில் மாற்ற வேண்டியவை, பம்ப்பும் ப்ளோயரும் அப்படியே. மாதச் செலவைக் கிலோலிட்டரால் வகுக்கும்போது இவற்றுக்கு ஒரு தொகையைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஐந்தாறு வருடம் மலிவாகத் தெரிந்து, ஒரு வருடம் தலையில் இடி விழும்.

13. சூழல் கணக்கு

உள்ளே வந்தது 25 கிலோ பிஓடி. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் போவது 1 கிலோ. மீதி எங்கே? ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போகிறது, மறு பகுதி கசடாக உங்கள் வாசலில் நிற்கிறது. துணிகளிலிருந்து வரும் நுண்பிளாஸ்டிக் இழைகளும் பெரும்பாலும் அந்தக் கசடில்தான் தங்குகின்றன.

காற்றைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமோனியா மாற்றம் அரைகுறையாக நடந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு வெளியேறும். நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சேமித்த யூனிட்டின் நன்மையை அது விழுங்கிவிடலாம். கசடைத் திறந்த குழியில் அழுகவிட்டால் மீத்தேன்.

நீர் ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறதென்றால் தெளிவு மட்டும் போதாது. அமோனியாவும் எஞ்சிய குளோரினும் மீனுக்கு விஷம், பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். கழிப்பறைக்கும் செடிக்கும் திருப்பிப் பயன்படுத்தினால் அந்த அளவு நல்ல நீர் மிச்சம். ஆனால் அந்தக் குழாய்க்குத் தனி நிறம் அடியுங்கள். குடிநீர்க் குழாயுடன் தவறாக இணைந்துபோன வளாகங்கள் உண்டு.

14. ஏதாவது கெட்டால் பார்க்க வேண்டிய வரிசை

நீர் கலங்கினால் உடனே மருந்து தேடாதீர்கள். முதலில் 30 நிமிட உருளை: கசடு படிகிறதா? படிந்தால் கோளாறு படிதொட்டியில் அல்லது நீர் வரும் வேகத்தில். படியாவிட்டால் டிஓ, பிஎச், வெப்பநிலை. அவை சரியென்றால் நோட்டில் கடந்த பத்து நாள் எடுத்த கசடின் அளவு. அதுவும் சரியென்றால் உள்ளே என்ன வந்தது என்று விசாரியுங்கள்: யாராவது கிருமிநாசினி டின்னைக் கொட்டினார்களா, சமையலறை எண்ணெய்ப் பொறி நிரம்பிவிட்டதா.

காரணம் தெரிந்ததும் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். காற்றையும் திருப்பும் வேகத்தையும் வெளியேற்றும் அளவையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. காற்றின் பலன் சில மணி நேரத்தில் டிஓ மீட்டரில் தெரியும். வெளியேற்றும் அளவை மாற்றினால், கசடின் வயது 15 நாள் என்றால் குறைந்தது 15 நாள் பொறுங்கள். நடுவில் மேலாளர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால் நோட்டைக் காட்டுங்கள்.